நேற்று ஓடிய மெஷின் இன்று ஏன் நிற்கிறது? பி.எல்.சி. பழுதுகளையும் கன்ட்ரோல் லூப் சிக்கல்களையும் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

கிருஷ்ணகிரி மாவட்டத்து மாங்கூழ் ஆலைகளுக்கு வருடத்தில் சில மாதங்கள்தான் சீசன். பெங்களூரா மாம்பழ வரத்து தொடங்கிவிட்டால் காவேரிப்பட்டணம், பர்கூர், போச்சம்பள்ளி பக்கம் ஆலை வாசல்களில் டிராக்டரும் லாரியும் வரிசை கட்டும். அந்த நேரத்தில் லைன் நின்றால் பழம் நமக்காகக் காத்திருக்காது, கனிந்துகொண்டே போகும். மெயின்டனன்ஸ் ஆளைச் சுற்றி நாலு பேர் நின்றுகொண்டு, "புரோகிராம்ல ஏதோ போயிருச்சு சார், லேப்டாப்பைப் போட்டுப் பாருங்க" என்பார்கள்.

உடனே போட வேண்டாம். நேற்று இரவு ஷிப்ட் வரை ஒழுங்காக ஓடிய புரோகிராம் விடிவதற்குள் தானாக மாறிவிடாது. மாறக்கூடியவை வெளியே இருக்கின்றன: தண்ணீர் புகுந்த கனெக்டர், தளர்ந்த டெர்மினல், ஒட்டிக்கொண்ட வால்வு, ஸ்டோரில் இருந்ததே என்று மாட்டிய வேறு வகை சென்சார். புரோகிராமே குற்றவாளியாகும் சந்தர்ப்பங்களும் உண்டு, அவற்றைப் பிறகு பார்ப்போம். அதுவரை பி.எல்.சி.யை, அதாவது மெஷினை ஓட்டும் கன்ட்ரோலர் கம்ப்யூட்டரை, சந்தேகிப்பதைவிட அதைச் சாட்சியாக வைத்து விசாரித்தால் வேலை சீக்கிரம் முடியும்.

உதாரணங்களை மாங்கூழ் லைனிலிருந்து எடுத்திருக்கிறேன். ஓசூர் சிப்காட்டில் அசெம்ப்ளி லைன் பார்ப்பவருக்கும், கிரானைட் பாலிஷிங் மெஷின் பார்ப்பவருக்கும் தேடும் வரிசை இதேதான். சில இடங்களில் சீமென்ஸ் எஸ்7-1200 எண்களைச் சொல்கிறேன். உங்களிடம் டெல்டாவோ மிட்சுபிஷியோ இருந்தால் அந்த மேனுவலில் உள்ள எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: ரீசெட் அழுத்துவதற்கு முன்

பழுது வந்ததும் எல்லோர் கையும் ரீசெட் பட்டனுக்குத்தான் போகும். ரீசெட் அழுத்தினால் சாட்சியம் அழிந்துவிடும். முதலில் அலாரம் பக்கத்தையும், பி.எல்.சி. விளக்குகளையும், டிரைவ் டிஸ்ப்ளேயையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஆபரேட்டரிடம் பேசுங்கள். "என்ன ஆச்சு?" என்று கேட்டால் "திடீர்னு நின்னுடுச்சு" என்ற பதில்தான் வரும். கேள்வியை உடைத்துக் கேளுங்கள். நிற்கும்போது எந்த மோட்டார் முதலில் நின்றது? கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறியதா? கொஞ்ச நேரம் முன்பு ஹோஸ் போட்டுக் கழுவினீர்களா? ராத்திரி ஷிப்டில் யாராவது எதையாவது மாற்றினார்களா? கடைசிக் கேள்வியை மிரட்டாமல் கேட்க வேண்டும். மிரட்டினால் உண்மை வராது.

மெஷினுக்குள் கை வைப்பதற்கு முன் ஐசொலேட்டரை ஆஃப் செய்து, பூட்டுப் போட்டு, சாவியை உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பல்ப்பரும் (பழத்தைக் கூழாக்குவது) டீஸ்டோனரும் (கொட்டையைப் பிரிப்பது) சுழலும் பிளேடு உள்ள மெஷின்கள். சென்சாரைத் துடைக்கும்போது விட்டுப்போன கண்டிஷன் கூடிவந்து மெஷின் தானாகக் கிளம்பிய கதைகள் உண்டு. வி.எஃப்.டி.யை (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) ஆஃப் செய்த பின்பும் உள்ளே கெப்பாசிட்டரில் ஆபத்தான வோல்டேஜ் நிற்கும். டிரைவ் மேல் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையில் எத்தனை நிமிடம் போட்டிருக்கிறதோ அத்தனை நிமிடம் பொறுத்திருந்து, பிறகும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடுங்கள். ஸ்டீம் லைனுக்கும் இதே கட்டுப்பாடுதான்: வால்வை மூடினால் போதாது, உள்ளே நிற்கும் அழுத்தத்தை வடிக்க வேண்டும்.

படி 2: 24 வோல்ட்

காரணம் தெரியாத வினோதப் பழுதுகளில் பலவற்றுக்கு மூலம் இங்கேதான். ஐ.இ.சி. 61131-2 தரப்படி 24 வோல்ட் டி.சி. சப்ளை 20.4 முதல் 28.8 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். (24 வோல்ட் தரும் பவர் சப்ளை) வாயில் அளந்து 24.1 என்று பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். பி.எல்.சி. டெர்மினலில் அளங்கள், அப்புறம் லைனின் கடைசி ஜங்ஷன் பாக்ஸில் அளங்கள். சொலினாய்டுகள் (வால்வுகளை இழுக்கும் மின்காந்தக் காயில்கள்) எல்லாம் ஆன் ஆகும் நேரத்தில் அளப்பது முக்கியம். சும்மா இருக்கும்போது 24 காட்டி, நாலு சொலினாய்டு சேர்ந்து இழுக்கும்போது 19-க்கு விழும் வயதான எஸ்.எம்.பி.எஸ்.கள் நிறைய.

மைனஸ் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. 0 வோல்ட் காமன் ஒரு இடத்தில் தளர்ந்தால் சம்பந்தமே இல்லாத இன்புட்டுகள் ஒன்றாக மினுக்கும். ஒரே கார்டில் பல இன்புட் சேர்ந்து போனால் சென்சார்களைக் கழற்றாதீர்கள். காமனையும் அந்தக் குரூப்பின் ஃபியூஸையும் பாருங்கள்.

படி 3: பி.எல்.சி. என்ன சொல்கிறது

ரன் விளக்கு எரிகிறதா, எரர் விளக்கு மினுக்குகிறதா? ஸ்டாப்பில் நின்றிருந்தால் லேப்டாப்பைத் திறக்க இதுதான் நேரம். டயக்னாஸ்டிக் பஃபரில் (பி.எல்.சி. தானே வைத்திருக்கும் நிகழ்வுப் பதிவு) எந்த மாட்யூல், எந்த நேரம், என்ன காரணம் என்று எழுதியிருக்கும். ஸ்டாப் ஆன நேரத்துக்குச் சற்று முன் பதிவானது எது என்று பாருங்கள், அதற்குப் பிந்தியவை பெரும்பாலும் விளைவுகள். பி.எல்.சி. ரன்னில் இருந்து மெஷின் மட்டும் நின்றிருந்தால் அது தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது, ஏதோ ஒரு கண்டிஷனுக்காகக் காத்திருக்கிறது. எதற்கு என்று கண்டுபிடிப்பதுதான் அடுத்த படி.

படி 4: அவுட்புட்டிலிருந்து பின்னோக்கி நடப்பது

ஓடாத மோட்டாரில் தொடங்குங்கள். ஃபீட் பம்ப் ஓடவில்லை என்று வைத்துக்கொள்வோம். பி.எல்.சி.யில் அந்த அவுட்புட் விளக்கு எரிகிறதா? இந்த ஒரு கேள்வி பிரச்சனையைச் சரிபாதியாக வெட்டிவிடும்.

எரிகிறது, பம்ப் ஓடவில்லை என்றால் லாஜிக்கை மறந்துவிடலாம். அவுட்புட் டெர்மினலில் வோல்டேஜ் வருகிறதா? இன்டர்போசிங் ரிலே (பி.எல்.சி.க்கும் காண்டாக்டருக்கும் இடையே உள்ள ரிலே) இழுக்கிறதா? காண்டாக்டரின் (மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் ஸ்விட்ச்) காயில் முனைகளான ஏ1, ஏ2-வுக்கு இடையே வோல்டேஜ் இருக்கிறதா? இல்லையென்றால் ஓவர்லோடு ரிலேயின் 95-96 காண்டாக்டைப் பாருங்கள், ட்ரிப் ஆனால் அது திறந்திருக்கும். காயில் இழுத்தும் மோட்டார் ஓடவில்லை என்றால் பவர் பக்கம், ஃபேஸ் ஒன்று போயிருக்கலாம். ஓவர்லோடு ட்ரிப் ஆகியிருந்தால் ரீசெட் செய்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். கிளாம்ப் மீட்டர் போட்டு மூன்று ஃபேஸிலும் கரண்டைப் பாருங்கள். பழக் கொட்டை சிக்கிய பம்ப்பை எந்தப் புரோகிராமும் ஓட்டாது.

விளக்கு எரியவில்லை என்றால் ஆன்லைன் போய், அதாவது லேப்டாப்பைப் பி.எல்.சி.யோடு இணைத்து, அந்த அவுட்புட் காயிலைத் தேடுங்கள். அந்த ரங்கில் (லாஜிக்கின் ஒரு வரி) எந்தக் காண்டாக்ட் வரை பச்சை வந்து நிற்கிறது? தடுக்கும் காண்டாக்ட் ஒரு மெமரி பிட்டாக இருந்தால் கிராஸ் ரெஃபரன்ஸில் (ஒரு அட்ரஸ் எங்கெல்லாம் வருகிறது என்ற பட்டியல்) அதன் காயிலுக்குப் போங்கள், அங்கிருந்து இன்னும் பின்னால். இரண்டு மூன்று தாவலில் ஒரு உண்மையான இன்புட்டில் வந்து நிற்பீர்கள். லேப்டாப்பின் வேலை அங்கே முடிகிறது, இனி ஸ்பேனரும் மீட்டரும்தான்.

அந்த இன்புட்டில் மூன்று இடத்தைப் பாருங்கள்: சென்சார் மேல் உள்ள விளக்கு, இன்புட் கார்டின் விளக்கு, ஆன்லைனில் தெரியும் பிட். சென்சார் எரிந்து கார்டு எரியவில்லை என்றால் இடையில் வயர். கார்டு எரிந்து பிட் வரவில்லை என்றால் அட்ரஸ் தவறு. மிட்சுபிஷி எஃப்.எக்ஸ்., டெல்டா டி.வி.பி. இரண்டிலும் எக்ஸ், ஒய் அட்ரஸ்கள் எட்டின் அடியில் எண்ணப்படும், எக்ஸ்7-க்கு அடுத்தது எக்ஸ்10. அங்கே எக்ஸ்8-ஐத் தேடித் தலையைப் பிய்த்துக்கொண்ட புதுப் பையன்கள் எல்லா ஆலையிலும் உண்டு.

சென்சார் எரிகிறது, வயரும் சரி, கார்டு மட்டும் எரியவில்லையா? பி.என்.பி. இருந்த இடத்தில் என்.பி.என். மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டும் வெளியே ஒரே மாதிரி இருக்கும், வயர் நிறமும் ஒன்றே: பழுப்பு பிளஸ், நீலம் மைனஸ், கறுப்பு அவுட்புட். பி.என்.பி. கறுப்பு வயரில் பிளஸ்ஸைத் தரும், என்.பி.என். மைனஸை இழுக்கும். சென்சார் முன் இரும்பைக் காட்டி, கறுப்புக்கும் நீலத்துக்கும் இடையே அளங்கள். பி.என்.பி. என்றால் 24-க்கு அருகில் காட்டும். எஸ்7-1200 போன்ற கார்டுகளில் 15 வோல்ட்டுக்கு மேல் வந்தால் ஒன்று, 5-க்குக் கீழ் இருந்தால் பூஜ்யம். இடையில் 9, 10 என்று தொங்கினால் கனெக்டரில் தண்ணீர் இருக்கிறது என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். மாம்பழச் சாறும் கழுவும் தண்ணீரும் சேர்ந்து எம்12 கனெக்டரின் பின்களைப் பச்சை பூக்க வைக்கும். துடைத்து மாட்டினால் ரெண்டு நாள் ஓடும். மாற்றிவிடுவதுதான் சரி.

படி 5: வந்து வந்து போகும் பழுது

நின்றே போன மெஷின் சுலபம். அரை மணிக்கு ஒருதரம் நின்று, ரீசெட் செய்தால் ஓடுவதுதான் உயிரை எடுக்கும். நீங்கள் பேனல் முன் நிற்கும்போது அது நிற்காது.

காவேரிப்பட்டணம் பக்கத்து யூனிட் ஒன்றில் பல்ப்பர் இப்படித்தான் நின்றுகொண்டிருந்தது. அலாரத்தில் "மோட்டார் ஃபால்ட்" என்று வரும், மோட்டாரில் ஒன்றும் இருக்காது. புரோகிராமைப் பார்த்தால் மூடி ஸ்விட்ச், ஓவர்லோடு, ஏர் பிரஷர், டவுன்ஸ்ட்ரீம் டேங்க் லெவல் நான்கும் ஒரே வரிசையில் போட்டு ரன் பிட்டைத் தாங்கிக்கொண்டிருந்தன. எது விழுந்தாலும் ஒரே அலாரம். விழுந்தது அடுத்த நொடி திரும்பி வந்துவிட்டால் தடயமே கிடையாது.

இதற்கு வழி, முதலில் விழுந்தது எது என்று பிடித்து வைக்கும் சின்ன லாஜிக். ஒரு இன்டீஜர் டேக் வைத்துக்கொள்ளுங்கள், "முதல் காரணம்" என்று பெயரிடுங்கள். மெஷின் ஓடிக்கொண்டிருந்த பிட்டும் இருந்து, மூடி ஸ்விட்ச் விழுந்து, "முதல் காரணம்" இன்னும் பூஜ்யமாகவே இருந்தால் அதில் 1 எழுது. அடுத்த ரங்கில் ஓவர்லோடுக்கு இதே கண்டிஷன், 2 எழுது. ஏர் பிரஷருக்கு 3, லெவலுக்கு 4. ஏதோ ஒரு எண் ஏறிவிட்டால் மற்ற ரங்குகள் தானாக அடைபடும். அடுத்த ஸ்டார்ட்டில் பூஜ்யமாக்குங்கள். இந்த ரங்குகள், ரன் பிட்டை விழவைக்கும் ரங்குக்கு மேலே இருக்க வேண்டும். கீழே போட்டால் பி.எல்.சி. மேலிருந்து கீழ் வாசிப்பதால் "ஓடிக்கொண்டிருந்தது" என்ற கண்டிஷன் அதே ஸ்கேனில் (ஒருமுறை முழுக்க வாசிப்பதில்) போய்விடும், ஒன்றும் பதிவாகாது. இரண்டு கண்டிஷன் ஒரே ஸ்கேனில் விழுந்தால் மேலே உள்ளது ஜெயிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அந்த பல்ப்பரில் அன்று மதியமே எண் 1 வந்துவிட்டது. மூடி ஸ்விட்சின் பிராக்கெட் போல்ட் தளர்ந்து, கனிந்த பழத்தோடு நிறையக் காயும் கலந்து வரும்போது ஏறும் அதிர்வில் மட்டும் காண்டாக்ட் திறந்து மூடிக்கொண்டிருந்தது. போல்ட்டை இறுக்கி ஸ்பிரிங் வாஷர் போட்டதோடு முடிந்தது. இன்புட் ஃபில்டரை ஏற்றி மறைத்திருந்தாலும் மெஷின் ஓடியிருக்கும், ஆனால் பாதுகாப்பு மூடியின் ஸ்விட்சை அப்படி மந்தமாக்கக் கூடாது. எஸ்7-1200-இல் இன்புட் ஃபில்டர் 6.4 மில்லி செகண்டில் வரும், வேகமாக எண்ணும் இன்புட்டைத் தவிர மற்றதில் அதை அப்படியே விட்டுவிடலாம்.

எமர்ஜென்சி ஸ்டாப், சேஃப்டி ரிலே போன்றவை பி.எல்.சி.யைக் கேட்காமல் நேரடியாகக் காண்டாக்டரை விழவைக்கும். அதன் துணைக் காண்டாக்ட் ஒன்றை இன்புட்டுக்குக் கொண்டுவரவில்லை என்றால் இந்த லாஜிக்கால் பிடிக்க முடியாது.

நேரத்தோடு பொருத்திப் பார்ப்பதும் உதவும். மதியம் மட்டும் வந்தால் பேனல் சூடு: ஃபேன் ஃபில்டர் தூசியால் அடைத்திருக்கும். குறிப்பிட்ட மோட்டார் கிளம்பும்போது மட்டும் வந்தால் வி.எஃப்.டி. கேபிள் இரைச்சல்: சிக்னல் வயர் அதே டிரேயில் போகிறதா, ஷீல்டு எர்த் செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

படி 6: அனலாக் சிக்னல் பொய் சொல்கிறதா

கன்ட்ரோல் லூப், அதாவது அளவைப் பார்த்து வால்வைத் தானாகத் திருத்தும் சுற்று, அதைத் தொடுவதற்கு முன் அளவு உண்மையா என்று உறுதி செய்யுங்கள். பொய்யான அளவை வைத்து டியூனிங் செய்வது வெட்டி வேலை.

கூழை ஸ்டீமால் சூடாக்கும் ஸ்டெரிலைசரின் ஹோல்டிங் டியூப் முடிவில் ஒரு பி.டி.100 (வெப்பத்துக்கேற்பத் தடை மாறும் சென்சார்), அதற்கு 0 முதல் 150 டிகிரி ரேஞ்ச் டிரான்ஸ்மிட்டர், 4-20 மில்லி ஆம்பியர் சிக்னல் என்று கொள்வோம். 4 மில்லி ஆம்பியர் என்றால் 0 டிகிரி, 12 என்றால் 75, 20 என்றால் 150. சீமென்ஸ் அனலாக் இன்புட்டில் அதுவே 0, 13824, 27648 என்ற ரா எண்களாக வரும். மூன்று இடத்திலும் எண்கள் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று பாருங்கள்: மீட்டரில் மில்லி ஆம்பியர், ஆன்லைனில் ரா எண், திரையில் டிகிரி. எங்கே கணக்கு உடைகிறதோ அங்கே பழுது. ரா எண் 32767 என்று நின்றால் அது வெப்பநிலையே அல்ல, வயர் அறுந்ததையோ அளவு எல்லை தாண்டியதையோ சொல்லும் எண்.

மீட்டரை லூப்பில் தொடராகச் சேர்க்கும்போது சிக்னல் ஒரு கணம் அறுபடும். அதனால் முதலில் லூப்பை மேனுவலில் போடுங்கள். அளந்து முடித்ததும் மீட்டர் வயரை ஆம்பியர் துளையிலிருந்து வோல்ட் துளைக்கு மாற்றுங்கள். மறந்துபோய் அடுத்து 24 வோல்ட்டை அளந்தால் ஷார்ட்.

பி.டி.100-ஐ ஓம்மீட்டரிலேயே சோதிக்கலாம். 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5, நம்மூர் 30 டிகிரி அறை வெப்பத்தில் சுமார் 111.7. மூன்று வயர் சென்சாரில் ஒரே நிறத்து இரண்டு வயருக்கு இடையே சில ஓம்தான் இருக்கும், அது வயரின் தடை மட்டும்.

மாங்கூழ் லைனில் நிஜமாகவே சேதம் செய்யும் இரண்டு தவறுகளைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

ஒன்று, டிரான்ஸ்மிட்டர் போய்விட்டது என்று 0-200 ரேஞ்ச் உள்ளதை மாட்டிவிட்டு, பி.எல்.சி.யில் 0-150 ஸ்கேலிங்கை அப்படியே விடுவது. செட் பாயின்ட் (நமக்கு வேண்டிய வெப்பம்) 98 என்றால் பி.எல்.சி. 14.45 மில்லி ஆம்பியரைத் தேடும். புது டிரான்ஸ்மிட்டர் அந்த கரண்டைத் தருவது கிட்டத்தட்ட 131 டிகிரியில்தான். திரையில் 98-ஐ எட்டவே எட்டாது, வால்வு முழுக்கத் திறந்து நிற்கும், கூழ் கறுத்து டியூபில் தீயும்.

இரண்டு, அனலாக் சேனலை 4-20-க்குப் பதில் 0-20 என்று கான்ஃபிகர் செய்வது. கார்டு மாற்றிய பிறகு இது நடக்கும். இப்போது திரை 98 காட்டும்போது உண்மையான வெப்பம் 85 டிகிரி. எல்லாம் பச்சை, அலாரம் கிடையாது, கூழ் வேகாமல் டிரம்முக்குப் போகும். மாங்கூழின் பி.ஹெச். 4.5-க்குக் கீழே இருப்பதால் மற்ற உணவை விட ஆபத்து குறைவுதான், ஆனால் ஈஸ்டும் பூஞ்சையும் தப்பிப் பிழைத்தால் டிரம் உப்பிக்கொண்டு திரும்பி வரும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: ஷிப்ட் தொடங்கும் முன் ஆறிக் கிடக்கும் லைனில் திரையைப் பாருங்கள். 30 காட்ட வேண்டிய இடத்தில் 54 காட்டினால் இந்தத் தவறுதான்.

படி 7: லூப் ஊசலாடுகிறது

வெப்பம் 94-க்கும் 102-க்கும் இடையே ஏறி இறங்குகிறது. யாரோ வந்து பி.ஐ.டி. எண்களை (லூப் எப்படித் திருத்த வேண்டும் என்று சொல்லும் கெயின், இன்டெக்ரல், டெரிவேட்டிவ்) திருகத் தொடங்குவார்கள். பழைய எண்களை எழுதி வைத்திருக்கவும் மாட்டார்கள். முதலில் அவற்றை எழுதி வையுங்கள், பிறகு மேனுவலில் போடுங்கள்.

மேனுவல் சோதனைதான் இந்த வழிகாட்டியில் நான் அதிகம் நம்பும் கருவி. வால்வை ஒரே நிலையில், உதாரணமாக 40 சதவீதத்தில், அசையாமல் பிடித்துவிட்டுச் சில நிமிடம் டிரெண்டைப் பாருங்கள். கூழுக்குப் பதில் தண்ணீர் ஓட்டிச் செய்தால் நிம்மதி. ஊசல் அடங்கிவிட்டால் சிக்கல் லூப்புக்குள்: டியூனிங் அல்லது வால்வு. மேனுவலிலும் ஆடிக்கொண்டே இருந்தால் வெளியிலிருந்து எதுவோ ஆட்டுகிறது, பி.ஐ.டி.யில் கை வைத்துப் பயனில்லை.

வெளியிலிருந்து ஆட்டுவதில் முதல் சந்தேகம் ஸ்டீம் அழுத்தம். பாய்லர் எரிவதும் அணைவதுமாக ஓடும்போது ஹெட்டரில் (மெயின் ஸ்டீம் குழாயில்) அழுத்தம் ஏறி இறங்கும். பிரஷர் கேஜும் வெப்ப டிரெண்டும் ஒரே தாளத்தில் ஆடினால் பிரஷர் ரெடியூசிங் வால்வைப் பாருங்கள். அடுத்தது கூழின் ஓட்டம்: ஃபீட் பம்ப் காற்றை இழுக்கிறதா, பேலன்ஸ் டேங்க் காலியாகி நிறைகிறதா? மூன்றாவது ஸ்டீம் ட்ராப்: கன்டென்சேட் (ஸ்டீம் குளிர்ந்த தண்ணீர்) வடியாமல் தேங்கி, ஒரேயடியாக வெளியேறினால் வெப்பம் குதிக்கும்.

ஊசல் மேனுவலில் அடங்கினால் வால்வைச் சோதியுங்கள். ஸ்டீமை மெயின் வால்வில் மூடி, மேனுவலில் 0, 25, 50, 75, 100 சதவீதம் கொடுங்கள். பி.எல்.சி.யிலிருந்து 4, 8, 12, 16, 20 மில்லி ஆம்பியர் போக வேண்டும், ஐ டு பி கன்வெர்ட்டரிலிருந்து (கரண்டைக் காற்றழுத்தமாக மாற்றுவது) 3, 6, 9, 12, 15 பி.எஸ்.ஐ. வர வேண்டும், வால்வுத் தண்டும் அதே அளவுக்கு நகர வேண்டும். காற்று வரவில்லையா, ஃபில்டர் ரெகுலேட்டரில் தண்ணீர் நிறைந்திருக்கும். காற்றழுத்தம் போனால் இந்த வால்வு மூடிக்கொள்ளும் வகையாக இருப்பதுதான் பாதுகாப்பு, அதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

பிறகு 50-இலிருந்து ஒவ்வொரு சதவீதமாக ஏற்றுங்கள். தண்டின் மேல் ஒரு விரலை மெதுவாக வைத்திருங்கள். 51, 52, 53 வரை அசையாமல் இருந்து 54-இல் துள்ளினால் வால்வு ஒட்டுகிறது, கிளாண்ட் பேக்கிங் (தண்டைச் சுற்றிய கசிவுத் தடுப்பு) இறுகியிருக்கும். டிரெண்டிலும் இது தெரியும்: அவுட்புட் ரம்பப் பல் மாதிரி ஏறி ஏறி இறங்கும், வெப்பம் படிக்கட்டு மாதிரி தாவும். ஒட்டும் வால்வைப் பி.ஐ.டி. எண்களால் குணப்படுத்த முடியாது. கெயினைக் குறைத்தால் ஊசல் மெதுவாகும், நிற்காது.

இன்னொன்று, வால்வின் அவுட்புட்டே ஒரு அளவுக்கருவி. அதே ஓட்டம், அதே செட் பாயின்ட், காலையில் 45 சதவீதத்தில் நின்றது மாலையில் 75-க்கு ஏறியிருந்தால் டியூப் சுவரில் கூழ் ஒட்டிப் படிந்துவிட்டது என்று அர்த்தம். கழுவ வேண்டிய நேரம், டியூன் செய்யும் நேரமல்ல.

இதையெல்லாம் தாண்டிய பிறகுதான் பி.ஐ.டி. அதிலும் எண்களுக்கு முன் அமைப்பைப் பாருங்கள். இன்டெக்ரல் டைம் சில பி.எல்.சி.யில் செகண்டில், சிலதில் நிமிடத்தில், சிலதில் நிமிடத்துக்கு எத்தனை தரம் என்று தலைகீழாக. பழைய பி.எல்.சி.யின் 30-ஐப் புதியதில் அப்படியே போட்டால் அறுபது மடங்கு பிசகும். பி.ஐ.டி. பிளாக் சம இடைவெளியில் ஓடும் இன்டரப்டில் கூப்பிடப்படுகிறதா? வெப்பம் ஏறினால் வால்வு மூட வேண்டும், அந்தத் திசை சரியா?

ஸ்டார்ட்-அப்பில் மட்டும் வெப்பம் எகிறிப் போகிறதா? ஸ்டீம் மெயின் வால்வு மூடியிருக்கும்போதே பி.ஐ.டி. ஆட்டோவில் கிடந்து, இன்டெக்ரல் சேர்ந்து சேர்ந்து அவுட்புட் 100-இல் போய் நிற்கிறது. யாரோ மெயின் வால்வைத் திறந்ததும் ஸ்டீம் கொட்டுகிறது. ஸ்டீம் அழுத்தமும் ஓட்டமும் வந்த பிறகே ஆட்டோவுக்குப் போகும்படி இன்டர்லாக் போடுங்கள், அதுவரை அவுட்புட்டைக் குறைந்த எண்ணில் பிடித்து வையுங்கள்.

இனி டியூனிங். லூப்பை வேண்டுமென்றே ஊசலாட விட்டு எண் எடுக்கும் சீக்லர்-நிக்கல்ஸ் முறை 1942-இலிருந்து இருக்கிறது. சுடுகிற டியூபில் கூழை வைத்துக்கொண்டு அதைச் செய்ய எனக்கு மனம் வராது. ஸ்டெப் சோதனை போதும். மேனுவலில் வெப்பம் நிலையாக நிற்கும்போது வால்வை 40-இலிருந்து 45-க்கு ஏற்றுங்கள். ஒரு உதாரணத்துக்கு, 8 செகண்ட் ஒன்றும் நடக்கவில்லை, அப்புறம் ஏறத் தொடங்கி மொத்தம் 5 டிகிரி ஏறி நின்றது, அந்த ஏற்றத்தில் 63 சதவீதத்தை அடைய ஏறத் தொடங்கியதிலிருந்து 30 செகண்ட் பிடித்தது என்போம். 150 டிகிரி ரேஞ்சில் 5 டிகிரி என்பது 3.33 சதவீதம். வால்வு மாறியது 5 சதவீதம். ஆக லைனின் கெயின் 0.67. பி.ஐ.டி. கெயினுக்கு, 63 சதவீதத்தை அடையப் பிடித்த அந்த 30-ஐ எடுத்து, 0.67-ஐ 38-ஆல் பெருக்கி வருவதால் வகுங்கள். அந்த 38 என்பது நாம் விரும்பும் வேகமான 30 செகண்டும் தாமதமான 8 செகண்டும் சேர்ந்தது. விடை சுமார் 1.2. இன்டெக்ரல் டைம் 30 செகண்ட். டெரிவேட்டிவ் பூஜ்யம். பி.ஐ.டி. சதவீதக் கணக்கில் ஓடும் பி.எல்.சி.க்கு இந்த எண்கள் நேராகப் பொருந்தும், டிகிரியில் ஓடினால் கெயினை மாற்றிக் கணக்கிட வேண்டும். இங்கிருந்து தொடங்கி ஒரு தரம் ஒரே எண்ணை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

லெவல் லூப்புகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். பேலன்ஸ் டேங்க் லெவல் கொஞ்சம் ஏறி இறங்கினால்தான் ஸ்டெரிலைசருக்குப் போகும் ஓட்டம் சீராக இருக்கும். அங்கே கெயினைக் குறைவாகவே வையுங்கள்.

படி 8: புரோகிராமே காரணமாகும்போது

ஒரே அவுட்புட் காயில் இரண்டு இடத்தில் எழுதப்பட்டிருக்கும். கடைசியாக வருவது ஜெயிக்கும், மேலே உள்ள ரங்க் பச்சையாகத் தெரிந்தும் அவுட்புட் எரியாது. கிராஸ் ரெஃபரன்ஸில் அந்த அட்ரஸுக்கு எத்தனை எழுத்து இருக்கிறது என்று எண்ணினால் தெரிந்துவிடும்.

சீக்வென்ஸ் நடுவில் சிக்கி நிற்பது இன்னொன்று. கரண்ட் போய் வந்தபோது ஸ்டெப் எண் நினைவில் நின்று, மெஷினோ வேறு நிலையில் இருக்கும். ஸ்டெப் எண்ணையும் "எதற்காகக் காத்திருக்கிறது" என்ற வரியையும் திரையில் காட்டிவிட்டால் ஆபரேட்டரே பாதிப் பழுதைக் கண்டுபிடித்துவிடுவார். அனலாக் மதிப்பைச் "சமம்" என்று ஒப்பிடும் ரங்கும் சந்தேகத்துக்குரியது. 98.0-ஐச் சரியாகத் தொடாமலே வெப்பம் தாண்டிப் போய்விடும், பெரியது அல்லது சமம் என்று போட வேண்டும்.

நெட்வொர்க் விழுந்தால் முதலில் கனெக்டரும் டெர்மினேஷனும். புரோஃபிபஸில் இரண்டு முனையில் மட்டும் டெர்மினேஷன் ஆன், நடுவில் எல்லாம் ஆஃப். ஆர்.எஸ்.485 மோட்பஸில் இரு முனையிலும் 120 ஓம், ஏ-யும் பி-யும் மாறாமல்.

படி 9: போர்ஸும் பைபாஸும்

ஒரு பிட்டைப் போர்ஸ் செய்து (லாஜிக்கை மீறி நாமே ஆன், ஆஃப் ஆக்கி) பார்ப்பது நல்ல சோதனை. போர்ஸோடு வீட்டுக்குப் போவது ஆபத்து. எதைப் போர்ஸ் செய்தாலும் பேனல் கதவில் ஒரு காகிதம் ஒட்டி அட்ரஸையும் நேரத்தையும் எழுதுங்கள், எடுத்ததும் கிழியுங்கள். எமர்ஜென்சி ஸ்டாப், மூடி ஸ்விட்ச், வெப்பம் குறைந்தால் கூழைத் திருப்பி அனுப்பும் டைவர்ஷன் வால்வு, இந்த மூன்றையும் யார் சொன்னாலும் பைபாஸ் செய்யாதீர்கள். "லாரி நிக்குது தம்பி, இன்னிக்கு மட்டும்" என்று மேனேஜர் சொல்வார். எழுதிக் கொடுங்கள் என்று கேட்டால் பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

வேலை முடிந்ததும் ஓடும் புரோகிராமை அப்லோட் செய்து, தேதியைப் பெயரில் போட்டு இரண்டு இடத்தில் வையுங்கள். பி.ஐ.டி. எண்களும் டிரான்ஸ்மிட்டர் ரேஞ்சுகளும் ஒரு தாளில் பேனலுக்குள் இருக்கட்டும். சீசன் தொடங்கும் முன் ஏப்ரலிலேயே எல்லா ஸ்டீம் வால்வுகளுக்கும் அந்த ஒரு சதவீதச் சோதனையைச் செய்து, ஒட்டுபவற்றின் பேக்கிங்கை மாற்றி, பி.எல்.சி. பேட்டரியைப் பவர் ஆனில் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். பவரை ஆஃப் செய்துவிட்டு மாற்றினால் பேட்டரியை நம்பியிருக்கும் பழைய பி.எல்.சி.களில் புரோகிராமே அழிந்துபோகும்.